ஏழு மீட்டர்களும் ஒரு சிவப்பு வயரும்

கரமனை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள அப்பாவுக்கு,

சுப்ரியா நமஸ்காரம் செய்து எழுதுவது. நடந்தது எல்லாவற்றையும் உள்ளபடி எழுதப்போகிறேன். என் முட்டாள்தனத்தையும் விடமாட்டேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் பேசும்போது அம்மா பக்கத்திலேயே நின்று துணி மடிப்பாள். நீங்களும் சாப்பிட்டாயா, படித்தாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவீர்கள்.

முன்னறையைக் காலேஜ் பெண்கள் இரண்டு பேருக்கு வாடகைக்கு விடுகிறோம். அதனால் அங்கிருக்கும் உங்கள் அலமாரியைக் காலி செய்யவேண்டும். அதிலுள்ள ஏழு மல்டிமீட்டர்களில் ஒன்றை நான் வைத்துக்கொள்ளலாம், மற்றவை சாலைக் கடைத்தெருவில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பத்மகுமார் சேட்டனுக்கு என்று அம்மா சொல்லிவிட்டாள். ஏழு புடவை என்றால் கட்டிக்கொள்ளவாவது செய்யலாம், இதை வைத்து என்ன செய்வது என்று கேட்டாள். நீங்களும் "நீயே பார்த்து எடுத்துக்கொள்" என்று மெசேஜ் போட்டீர்கள். பூனாவுக்குப் போனபோது சட்டைகளையும் புத்தகங்களையும் கொண்டுபோய்விட்டீர்கள். இந்த வீட்டில் உங்களுடையது என்று மிச்சமிருப்பது அந்த அலமாரிதான். அதுவும் காலியானால் நீங்கள் வந்து எடுக்க ஒன்றும் இருக்காது. அதனால் எனக்கு அந்த மெசேஜ் பிடிக்கவில்லை.

நீங்கள் போய் இரண்டு ஓணம் ஆகிவிட்டதே, மீட்டர்களுக்குள் பேட்டரி ஒழுகியிருக்கும் என்று பயந்துகொண்டே பின்மூடிகளைத் திறந்தேன். ஒன்றிலும் பேட்டரி இல்லை. எல்லாம் தனியாக ஒரு காப்பிப்பொடி டப்பாவில் இருந்தன. நீங்கள் செய்த வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

புதுப் பேட்டரி போட்டு, ஒரே பென்சில் செல்லை ஏழிலும் அளந்தேன். இரண்டு மட்டும் ஒரே எண்ணைக் காட்டின. மற்றவை கொஞ்சம் கொஞ்சம் மாறின. எது சரி என்று சொல்ல எட்டாவது மீட்டர் வேண்டும்போல. முள் மீட்டர் பேட்டரி போடுவதற்கு முன்பே வோல்ட் காட்டியது. இதை நான் எங்கும் படித்ததில்லை. தானாகவே ரேஞ்ச் மாற்றும் பெரிய மீட்டர் ரொம்ப யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறது. மஞ்சள் மீட்டர் மலிவானதுதான். ஆனால் வயர் தொட்டதும் பீப் என்கிறது, என் கைக்கும் அடங்குகிறது. அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

இனி என் முட்டாள்தனம். பொம்மைக் கார் மோட்டார் எவ்வளவு கரண்ட் எடுக்கிறது என்று பார்க்க, மஞ்சள் மீட்டரின் சிவப்பு வயரைப் பத்து ஆம்பியர் துளையில் செருகியிருந்தேன். அதை மாற்றாமலேயே, நீங்கள் செய்வதுபோல இன்வெர்ட்டர் பேட்டரியின் வோல்ட்டைப் பார்க்கப் போனேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைக்கூட முழுதாக நிமிர்த்தவில்லை.

"நில்லுடி. சேப்பு ஒயர் ஆம்பியர் ஓட்டையிலே இருக்கு. அந்த மஞ்சளுக்கு அங்கே ஃப்யூஸும் கிடையாது."

அப்படியே தொட்டிருந்தால் பேட்டரியின் இரண்டு முனையையும் நேராகச் சேர்த்ததுபோல் ஆகி, வயர் என் கையிலேயே எரிந்திருக்கும். எனக்குத் தெரிந்ததுதான், மறந்துவிட்டேன். ஆனால் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அந்த அலமாரியைத் தொட்டதே இல்லை என்று போன வாரம்தான் சொன்னாள். கேட்டேன். இன்வெர்ட்டரை மாசாமாசம் யார் பார்க்கிறார்கள் என்று நினைத்தாய், தானாக ஓடுகிறதாக்கும் என்றாள். அப்படியானால் காப்பிப்பொடி டப்பா? அதுவும் அவள்தானாம். பேட்டரி ஒழுகி உள்ளே பச்சை பிடித்தால் அப்புறம் யார் பதில் சொல்வது என்று கீரையைப் பார்த்துச் சொன்னாள்.

மத்தியானம் பத்மகுமார் சேட்டன் துணிப்பையோடு வந்தார். ஒரு வீட்டில் ஏழு மீட்டரா, கிழமைக்கு ஒன்றா என்று சிரித்தார். அம்மா அவருக்குச் சாயா கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். பிறகு அம்மா சொன்னாள்:

"இப்போ தரதுக்கில்லை. அவர் வந்து பாத்துட்டுத் தரட்டும்."

சேட்டன் காலிப் பையை மடித்துக்கொண்டு போனார். அம்மா தன் பீரோவில் புடவைகளை ஒரு பக்கமாகத் தள்ளி, ஏழு மீட்டர்களையும் உள்ளே வைத்தாள்.

ஆகையால் நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் வந்து எடுத்துத் தாருங்கள். ஏழிலும் பேட்டரி போட்டபடியே இருக்கிறது. கழற்றிவிடவா என்று அம்மாவிடம் கேட்டேன். இருக்கட்டும் என்றாள். அவை ஒழுகுவதற்குள் வாருங்கள், அப்பா.

உங்கள் மகள்,
சுப்ரியா

பி.கு.: இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். அதற்காக மெயினை அணைக்கப்போவதாக அம்மா உள்ளேயிருந்து சொல்கிறாள். டார்ச் பிடிக்க என்னைக் கூப்பிடுகிறாள். விளக்கை அணைத்துவிட்டாள்.