ஆறாவது மடிப்பு

மார்ச் 4, தைஷோ ஆறாம் ஆண்டு (1917). மாட்சுவே, ஜப்பான்.
சாமான் அறை ஒழுகியிருக்கிறது. என் கணவரின் இறந்துபோன முதல் மனைவி, மூத்தவள் சாயோ, தன் கவிதைகளைத் தானே எழுதிவைத்த மடிப்புத் திரையில் ஆறாவது மடிப்பு நனைந்து, மை கரைந்து வெறும் கறை. மற்ற ஐந்தும் தப்பின. அவர் அதன் முன்னால் உட்கார்ந்து அழுதார். எனக்குக் கரு கலைந்த அன்று கடைக்குப் போய்விட்ட மனுஷன்.

மார்ச் 5
மூத்தவளின் மகள் ஹிசாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அந்தத் திரையின் பெயரைக் கேட்டுத்தான் சம்பந்தமே வந்தது.
அவர் சொன்னார்: "உனக்குக் கையெழுத்து நல்லா வருமே. சாயோ மாதிரியே எழுதிடு. வெளியே தெரிய வேண்டாம்."
"கவிதை?"
"ஏரியில மூடுபனின்னு தொடங்கும். மீதி மறந்துபோச்சு. நீயே ஏதாவது போட்டுக்கோ."
ஏதாவது.

மார்ச் 11
சாயோவின் எழுத்து இடப்பக்கம் சாயும், கீழே வரவர மெலியும். என்னுடையது குட்டை. எழுதி எழுதிக் கிழித்தேன். ஹிசா எட்டிப் பார்த்தாள். "சித்தி, அம்மா எழுத்து இவ்வளவு கனமா இருக்காது." கேலியில்லை. அதுதான் சுட்டது.

மார்ச் 19
வந்துவிட்டது. சாயோவுக்காக யோசித்து வந்ததில்லை.

ஏரியில் மூடுபனி —
வந்த வழி தெரியவில்லை,
திரும்பும் வழியும்;
நின்ற இடத்தையே
வீடென்கிறது கொக்கு.

கொடுத்துவிடவா? எனக்கென்று வைத்துக்கொண்டு யாரிடம் காட்டப்போகிறேன்?

மார்ச் 22
எழுதினேன். திரை ஒட்டுகிறவர் எடுத்துப்போனார்.

ஏப்ரல் 8
மாப்பிள்ளையின் அப்பா ஐந்து மடிப்புகளை நின்றுகொண்டே பார்த்தார். ஆறாவதன் முன் உட்கார்ந்துவிட்டார்.
"மத்ததெல்லாம் அழகு. இதுலதான் ஒரு உசிரு தவிக்குது. சாகறதுக்கு முன்னாடி எழுதினாங்களோ?"
தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் கணவர் முகத்தைப் பார்த்தேன். இல்லைங்க — அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு.
"ஆமா," என்றார். "கடைசி மாசம் எழுதினது."
சம்பந்தம் முடிவாயிற்று.

ஏப்ரல் 9
கேட்டேவிட்டேன். "ஏங்க, அந்தக் கவிதை என்னோடதுன்னு ஹிசாகிட்டயாவது சொல்லுங்க."
"கை உன்னோடது, சரி. கவிதை அவளோடதுதான். நீ படிச்சுக் காட்டினதும் எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. கொக்குன்னுதான் முடியும்."
பொய் சொல்லவில்லை. நம்புகிறார். பொய்யாவது சொல்லியிருக்கலாமே — பாவி, பொய்னா என்னைக்காவது ஒருநாள் உறுத்துமே.

மே 2
ஹிசா புறப்பட்டாள். ஆறாவது மடிப்பைத் தொட்டு, "அம்மா, போயிட்டு வரேன்" என்றாள். அப்புறம் திரும்பி எனக்கும் ஒரு வணக்கம். நான் நின்றிருந்தது அவளுக்கு இரண்டடி தள்ளி.

ஜூன் 15
சாயோவின் கல்லறைக்குப் புதுக் கல் வைக்கிறார். அந்தக் கவிதையை அதில் வெட்டப் போகிறார்களாம். மாதிரி கேட்டுக் கல்தச்சர் வந்தார். எழுதிக் கொடுத்தேன். இந்த முறை ஒரே தடவையில், கிழிக்காமல்.
மை உலரும்வரை குனிந்து படித்துக்கொண்டிருந்தார். "இதைப் பாடினவங்க உங்களுக்கு என்ன வேணும்மா?"
"அக்கா," என்றேன்.