இன்னொரு கன்னம்

செவ்வாய், இரவு

இன்று என்னைப் போலவே இன்னொருத்தியைப் பார்த்துவிட்டேன்.

ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். வழக்கம்போலத் துப்பட்டாவைக் கன்னத்துக்கு மேல் இழுத்துவிட்டிருந்தேன். எதிரே இருந்த, முன்பின் தெரியாத ஓர் அக்காவின் கன்னத்தில் என் கன்னத்தில் இருக்கும் அதே செம்பழுப்புத் தடிப்பு, ஆரஞ்சுத் தோல் போல அதே சின்னக் குழிகள். அவர் எதையும் மூடவில்லை.

நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். "இன்னா கண்ணு, ஒட்டிக்குமோன்னு பயமா? ஒட்டாது."

துப்பட்டாவை இறக்கினேன்.

அக்கா முன்னால் சாய்ந்து உற்றுப் பார்த்தார். "கிரானுலோமா ஃபேசியேலா?"

இந்தத் தடிப்பின் அந்தப் பெயரை டாக்டர் வாயிலிருந்து மட்டுமே கேட்டிருக்கிறேன். சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்துவிட்டு, புற்று இல்லை, தொழுநோய் இல்லை, அபூர்வமானது, ஆபத்தில்லை, ஆனால் லேசில் போகாது என்றார். ஹாஸ்டலில் அறைத்தோழிகளிடம் சொன்னபோது, "எந்த பார்லர்ல பண்ண ஃபேஷியல்?" என்று சிரித்தார்கள். ஆனால் அன்றிரவு தங்கள் தலையணையை என்னிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

"என்னிய தவுர யாருக்கும் இருக்காதுன்னு நெனச்சிகினு இருந்தேன்," என்றார் அக்கா. ஆட்டோ படப்பை போய்ச் சேரும் வரை எங்கள் வாய் ஓயவில்லை. வெயில் பட்டால் கறுப்பது, மருந்தில் மங்கி மறுபடி வருவது, எல்லாம் அவருக்கும் அப்படியே.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கூடப் பொறந்தவங்களாம்மா? மொகம் ஒரே மாரி கீது," என்றார்.

"ஆமாப்பா. இவ சின்னவ," என்று சொல்லிவிட்டார் அக்கா.

எங்கள் வீட்டில் நான்தான் மூத்தவள். இருந்தும் தலையை ஆட்டினேன்.