இரண்டு தரம் அடித்தால் சுகம்

ஹம்பேர்க்
ஒக்ரோபர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி சேயோனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் இருக்கிறோம். நீயும் அடிலெயிட்டில் இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

பெட்டிக்குள் மேலே இருப்பது இந்தக் கடிதம். கீழே இருப்பது நீ வேண்டாம் என்று சொன்ன பொருள். முதலில் கடிதத்தை வாசி. ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தால் நீ ஓடி ஓடி வாசித்துவிட்டுத் தூக்கிப் போடுவாய். எட்டு வயதில் விட்ட இடத்தில் நிற்கிறது உன் தமிழ். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். நீ மெதுவாக வாசிக்க வேண்டும். அதற்காகத்தான் தமிழ்.

வாரக்கணக்காகச் செய்மதித் தொலைபேசிகளைப் பற்றி வாசித்தேன். ஒரு வகைக்குச் செய்மதி பூமத்திய ரேகைக்கு மேலே அசையாமல் நிற்குமாம். அதைப் பார்த்துக் கருவியைப் பிடிக்க வேண்டும். நீ நிற்கும் இடத்தில் அது வடக்குப் பக்கம். நடுவில் ஒரு குன்று வந்தால் ஒன்றும் கேட்காது. இன்னொரு வகையில் செய்மதிகள் தாழ்வாக ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று மறையும்போது அடுத்தது குரலை வாங்கிக்கொள்ளும். எந்தப் பாலைவனத்திலும் பிடிக்கும். கைமாறும் நேரத்தில் சிலவேளை அழைப்பு விழுந்துவிடும் என்றும் எழுதியிருந்தது. திரும்ப அடித்தால் சரியாம்.

நான் முதலில் வாங்க நினைத்தது வேறு. உள்ளங்கை அளவான, பேசாத ஒரு கருவி. நீ எங்கே நிற்கிறாய் என்று தானாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். சொன்னதும் நீ சிரித்தாய். “நான் என்ன உன்ர கொன்ரெய்னரோ அக்கா?” என்றாய். துறைமுக அலுவலகத்தில் என் வேலையே அதுதானே. எந்தப் பெட்டி எந்தக் கடலில். ஆயிரக்கணக்கான பெட்டிகள், ஒன்றும் தொலைவதில்லை.

எல்லாக் கருவியிலும் ஓர் அவசரப் பொத்தான் இருக்கிறது. மூடியைத் திறந்து அழுத்திப் பிடிக்க வேண்டும். எத்தனையோ பேர் எழுதிய ஒப்பீடுகளை வாசித்துவிட்டேன். பற்றரி, பாரம், வெயில் தாங்குமா, புழுதி போகுமா. ஒருவரும் எழுதாத ஒன்று உண்டு. அதை அழுத்த, அழுத்த விரும்பும் ஒரு கை வேண்டும்.

பிரதான ரயில் நிலையத்துக்குப் பின்னால் ரகுநாதன் அண்ணையின் கடையில் நின்று இதைச் சொன்னேன். ஒரு காலத்தில் ஊருக்குப் பேசும் தொலைபேசி அட்டை எல்லோரும் அவரிடம்தானே வாங்கினோம். வெண்டிக்காயைப் பொறுக்கிக்கொண்டே, “செய்மதிப் போனோ? அங்கை ஆரோடை சண்டை பிடிக்கப் போறார் உம்மடை தம்பி?” என்றார். நீ பாலைவனத்துக்குத் தனியாகப் போகிறாய் என்றதும் வெண்டிக்காயை வைத்துவிட்டார். “ஏன் தனிய?” என்றார்.  காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

உன் அஜிதா இறந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. கணவனும் மனைவியுமாக நீங்கள் இரண்டு பேரும் வண்டியில் போக இருந்த பாதை அது. உங்கள் சமையலறைச் சுவரில் இருந்த வரைபடத்தில் அவள் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருந்தாள். அவள் கோடு போட்டது ஆடி மாதத்துக்கு, அங்கே குளிர் காலத்துக்கு. நீ போவது யாரும் போகாத கோடையில்.

கடைசியில் பேசும் கருவியை வாங்கினேன். அதன் எண்ணை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “உது பெரியம்மா வன்னியிலை இருந்து அடிச்ச நம்பர் மாதிரியெல்லோ கிடக்கு” என்றார். 

நீ அப்போது சின்னவன். போரின் கடைசி மாதங்கள். ஒரே ஒரு செய்மதித் தொலைபேசிக்கு முன்னால் ஊரே வரிசையில் நிற்கும். முன்னால் நிற்பவர் பேசினால் பின்னால் நிற்பவருக்கு முறை வராது. அதனால் பெரியம்மாவும் அம்மாவும் ஓர் ஒழுங்கு செய்தார்கள். இரண்டு தரம் மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவது. இரண்டு தரம் அடித்தால் சுகம். இங்கே எடுக்கக் கூடாது. எடுத்தால் அங்கே யாருடைய முறையோ போய்விடும். பெரியம்மா அப்படியே வைகாசி வரைக்கும் சுகமாக இருந்தார்.

வரிசை போய்விட்டது. ஒழுங்கு போகவில்லை. நீ பள்ளிச் சுற்றுலா போனபோது இரண்டு தரம். நான் டிரெஸ்டனுக்குப் படிக்கப் போனபோது இரண்டு தரம். இப்போது நீயும் அதைத்தான் கேட்கிறாய். “மிஸ்கோல் அடிக்கிறன், கதைக்கச் சொல்லாதை” என்கிறாய். சரி. ஒவ்வொரு பின்னேரமும் வண்டியை நிறுத்தியதும் வெளியே வா. அன்ரெனாவை வானத்துக்கு நிமிர்த்து. அம்மாவுக்கு இரண்டு தரம்.

இன்னும் ஒன்று. உன் குளிர் மேலங்கியை விமான நிலையத்தில் என் கையில் தந்தாய். “இனி எனக்குத் தேவைப்படாது” என்றாய். அங்கே வெயில்தானே என்று அம்மா விளங்கிக்கொண்டார். உன் திரும்பும் பயணச்சீட்டு மார்கழியில். மார்கழியில் ஹம்பேர்க்கில் ஏது வெயில், தம்பி?

பற்றரியை நிறைத்துக்கொண்டு வெளிக்கிடு.

உன் அக்கா
கம்சனா

~

ஹம்பேர்க்
நவம்பர் தொடக்கம்

அன்புள்ள தம்பி,

நீ எரிபொருள் நிரப்ப நிற்கப்போகும் கடைசி நிலையத்துக்கு இதை அனுப்புகிறேன். அங்கே இருக்கும் பெண் அச்செடுத்துத் தருவதாகச் சொன்னார். எழுத்துகள் கட்டம் கட்டமாக உடைந்துவிடாமல் படமாக அனுப்பியிருக்கிறேன்.

அடிக்கிறாய். தவறாமல் அடிக்கிறாய். உனக்குப் பின்னேரம், எங்களுக்குக் காலை. அம்மா தொலைபேசியைச் சோறு வைக்கும் குக்கருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மணி அடிக்கும். எண்ணுவார். நின்றதும், “வைச்சிட்டான், சுகம்” என்பார். அதன் பிறகுதான் தேத்தண்ணி.

கோயிலில் கேட்கிறார்கள். “பெடியன் ஒவ்வொரு நாளும் கோல் எடுக்கிறான்” என்று அம்மா எல்லோருக்கும் சொல்கிறார். நீ எடுத்துக் கதைப்பதில்லை, அடித்து வைக்கிறாய். அம்மாவுக்கு அது இரண்டும் ஒன்று. எனக்கு ஒன்றாக வரவில்லை. சுகம் என்று தெரிகிறது. யாருடைய சுகம் என்று தெரியவில்லை. மணிக்குக் குரல் இல்லை. அது உன்னுடையதைப் போலவும் இருக்கிறது, யாருடையதைப் போலவும் இருக்கிறது.

உன் மேலங்கியைப் போட்டுக்கொண்டுதான் இப்போது வேலைக்குப் போகிறேன். கை நீளம். எஸ்-பான் ரயிலில் யாரும் பார்ப்பதில்லை.

ஒரே ஒரு நாள் எனக்கு அடி. அம்மாவுக்கு வேண்டாம். நான் எடுப்பேன். ஒன்றும் கேட்க மாட்டேன். அங்கே காற்று எப்படி என்று மட்டும் சொல்.

அக்கா

~

ஹம்பேர்க்
நவம்பர் முடிவு

என் தம்பிக்கு,

ஒழுங்காக எழுத வரவில்லை. வருகிறபடி எழுதுகிறேன்.

சென்ற வியாழக்கிழமை வேலையால் வந்தேன். அம்மா புட்டு அவித்துக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்திருந்தது. “இண்டைக்கு மூண்டு முறை அடிச்சவன். காலமை வழக்கம் போல. பிறகு மத்தியானமும் இரண்டு முறை. இப்பதான் கொஞ்சம் சந்தோசமா இருக்கிறான் போல” என்றார்.

நான் சப்பாத்தைக் கழற்றவில்லை. மத்தியானம் ஒவ்வொரு முறையும் மணி எத்தனை தரம் அடித்தது என்று கேட்டேன். “இரண்டு. மற்ற முறை ஒண்டரை. அவனுக்கு அவசரமாக்கும்.”

இங்கே மத்தியானம் என்றால் அங்கே இருட்டி நெடுநேரம். நீ இருட்டில் அடித்ததே இல்லை.

விழுந்த அழைப்பும் இரண்டு தரம்தான் அடிக்கும், தம்பி. கைமாறும்போது விழும் என்று வாசித்தவள் நான். உனக்கு எழுதியும் அனுப்பினேன். ஆனால் இரண்டையும் சேர்த்து நினைக்கவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு மணி என்றால் சுகம். வேறு எந்த வீட்டிலும் எடுத்திருப்பார்கள்.

வெள்ளியும் அடிக்கவில்லை. சனியும் இல்லை. நான் அடித்தால் ஒரு பெண் குரல், கிடைக்கவில்லை என்கிறது. கருவியை மூடி வைத்திருந்தால் அடிக்காது, அன்ரெனாவை மடக்கியிருந்தால் அடிக்காது, வண்டிக்குள் இருந்தால் அடிக்காது. இந்தக் காரணங்களைத்தான் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் நல்ல காரணங்கள்.

எரிபொருள் நிலையத்துப் பெண்ணுடன் கதைத்தேன். உன்னை நினைவிருக்கிறதாம். மரியாதையான பிள்ளை என்றார். என் கடிதத்தைத் தந்தாராம். அங்கேயே நின்று வாசித்தாயாம். நெடுநேரம் எடுத்ததாம். இந்தக் காலத்தில் போகாதே, திரும்பு என்று சொன்னாராம். நீ நன்றி சொன்னாயாம்.

பிறகு அங்கே உள்ள பொலிசுக்கு எடுத்தேன். ஒரு பெண் அதிகாரி. கடைசியாக எப்போது தொடர்பு என்று கேட்டார். வியாழன் என்றேன். என்ன சொன்னார் என்றார். ஒன்றும் சொல்லவில்லை, மணி அடித்தது என்றேன். யார் எடுத்தது என்றார். எடுக்கவில்லை என்றேன். வீட்டில் யாரும் இல்லையா என்றார். அம்மா பக்கத்தில்தான் நின்றார் என்றேன். ஏன் எடுக்கவில்லை என்று மெதுவாகக் கேட்டார். வன்னியில் இருந்து தொடங்க வேண்டும் அதற்குப் பதில் சொல்ல. எங்கள் வீட்டில் அப்படித்தான் என்றேன். அவர் எதையோ எழுதும் சத்தம் கேட்டது. தொடர்பு இல்லை என்றுதான் எழுதியிருப்பார்.

அடுத்ததாக அவர் கேட்டது, உங்கள் தம்பி திரும்பி வர விரும்பினாரா என்று. வேறு சொற்களில் கேட்டார். என் ஆங்கிலம் அந்த இடத்தில் நின்றுவிட்டது. மேலங்கியைப் பற்றிச் சொன்னேன். அஜிதாவைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு விளங்கியது.

அவசரப் பொத்தான் அழுத்தப்படவில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். எல்லோரும் அதைக் கெட்ட செய்தியாகச் சொன்னார்கள். நான் அதையே வைத்துக்கொண்டு இருந்தேன். நீ பொத்தானை அழுத்தவில்லை. ஆனால் இருட்டில், அன்ரெனாவை நிமிர்த்தி, அம்மாவுக்கு அடித்திருக்கிறாய். விழுந்ததும் திரும்ப அடித்திருக்கிறாய். போக நினைத்தவன் திரும்ப அடிக்க மாட்டான்.

விரும்பும் கை இருந்திருக்கிறது, தம்பி. எடுக்கும் கைதான் இருக்கவில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்வதா என்று யோசித்தேன். சொல்லத் தேவைப்படவில்லை. நான் தொலைபேசியில் பேசியதைக் கேட்டு அவரே விளங்கிக்கொண்டார். அடுப்பை நிறுத்தினார். கதிரையில் இருந்தார். பிறகு கேட்டார்: “அப்ப பெரியம்மாவும் கதைக்கத்தான் அடிச்சவவோ?”

 உனக்குத் தெரிந்தால் வந்து நீ சொல்.

அன்றிலிருந்து அம்மா எல்லா அழைப்பையும் எடுக்கிறார். முதல் மணி முடியுமுன் எடுக்கிறார். வைத்தியரிடம் இருந்து சந்திப்பு நேரத்தை மாற்ற அழைத்தார்கள். “தம்பியோ?” என்றார். மின்சார ஒப்பந்தம் விற்கும் ஒருவன் அழைத்தான். “தம்பியோ?” என்றார். அவன் ஜெர்மனில் என்னவோ சொல்லிக்கொண்டே போனான். அம்மா கடைசிவரை கேட்டார். வைக்கவில்லை. அவன்தான் வைத்தான். ரகுநாதன் அண்ணை விசாரிக்க அழைத்தார். அம்மாவின் “தம்பியோ?” என்ற குரலைக் கேட்டுவிட்டு, “நான் அவனில்லை அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்று அழுதாராம். குளிக்கப் போகும்போதும் தொலைபேசி கூடவே போகிறது.

நாளை விடிய ஒரு சிறு விமானமும் இரண்டு வண்டிகளும் அஜிதாவின் கோட்டில் போகின்றன. அந்தப் பெண் அதிகாரியும் போகிறார். இந்தக் கடிதத்தைப் படமாக அனுப்பினால் அச்செடுத்துக் கொண்டுபோகச் சம்மதித்திருக்கிறார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். தேடுவதற்கு உதவுமா என்று. உதவாது, அவன் ஒருவன்தான் இதை வாசிப்பான், அவன் கையில்தான் கொடுக்க வேண்டும், வேறு யாரிடம் கொடுத்தும் பயனில்லை என்றேன். உங்கள் தம்பியின் கையிலேயே கொடுக்கிறேன் என்றார். அவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். சொன்னார்.

ஆகவே நீ இதை வாசித்துக்கொண்டிருக்கிறாய். எழுத்துக் கூட்டி, மெதுவாக. அவர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள். தண்ணீர் தருவார்கள். குடி.

பிறகு கருவியை எடு. வானம் முழுவதும் தெரியும் இடத்தில் நில். அம்மாவுக்கு அடி. ஒழுங்கை மாற்றிவிட்டோம். இரண்டு தரம் அடிக்காது. முதல் மணியிலேயே எடுப்போம். விழுந்தால் திரும்ப அடி. அதுவும் விழுந்தால் திரும்ப. உனக்குப் பேச ஒன்றும் இல்லாவிட்டால் பேசாதே. அவ்வளவு தூரம் போய் வருவதால் குரல் கொஞ்சம் பிந்தித்தான் வரும் என்று எழுதியிருந்தது. நாங்கள் பேசுவது உடனே கேட்கவில்லை என்று நினைத்து வைத்துவிடாதே, என் குஞ்சு. நாங்கள் எடுத்துவிட்டோம். சொல்லிவிட்டோம். அது வந்துகொண்டிருக்கிறது.

வைத்துவிடாதே.

அக்கா