நிலை: ஓடுகிறது

ஜூன் 4

கல்லுளிமங்கர் அவர்களுக்கு,

நலம். நீங்களும் நலமென்று நம்புகிறேன். விவாகரத்து வழக்கு முடியும்வரை எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும் என்று வக்கீலம்மா சொல்லிவிட்டதால் இதையும் எழுதியே கேட்கிறேன்.

நீங்கள் பாதி எழுதி விட்டுப்போன புரோகிராம் லைப்ரரி இப்போது என் தலையில். உங்களுக்குத் தெரியாததா? கிளவுடில், யாருடைய கம்ப்யூட்டரிலோ, ஓடும் ஒவ்வொரு வேலைக்கும், அதாவது ஜாபுக்கும், நம் பக்கம் ஓர் ஆப்ஜெக்ட். ஜாப் எங்கோ ஓடும். அதன் சார்பாக இது, ‘ஓடுகிறது’, ‘முடிந்தது’, ‘நிறுத்தப்பட்டது’ என்று நிலையைச் சொல்லும். சோதிப்பதற்காக நம் பழைய கணக்கில் இருந்த ஜாபையெல்லாம் வரவழைத்தேன். எல்லாம் எப்போதோ முடிந்தவை. ஒன்று மட்டும் ‘ஓடுகிறது’ என்கிறது.

கல்யாணமான புதிதில் கூடத்தில் மைக் வைத்து, நம் பேச்சை எழுத்தாக்கிப் பார்த்தோமே, அதே ஜாப். அந்த வீட்டை எப்போதோ காலி செய்தாயிற்று. மைக் என் இழுப்பறையில் வயர்கூட இல்லாமல் கிடக்கிறது. நீங்கள் எதையாவது இணைத்து வைத்திருக்கிறீர்களா? ஒரு சொல்லில் பதில் போதும். அதற்கு மேல் உங்களிடம் எதிர்பார்ப்பதை விட்டு நாளாயிற்று.

மைனா

ஜூன் 10

மைனாவுக்கு,

இல்லை.

ஒரு சொல் போதும் என்றாய். ஆனாலும் சொல்கிறேன்: ஆப்ஜெக்ட் அசலைக் கேட்காமல், பழைய நிலையையே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறதோ என்னவோ. புதிதாகக் கேட்க வை. எழுத்து வந்து விழும் அவுட்புட் ஃபைலையும் திறந்து பார். காலியாகத்தான் இருக்கும்.

இருமல் என்று அம்மா சொன்னாள். குறைந்ததா?

க. ம.

ஜூன் 16

க. ம. அவர்களுக்கு,

இருமல் தேவலை. ஃபைல் காலியாக இல்லை. அதில் இருப்பது இது:

“டீ ஆறுது பாருங்க.”

“இதோ வந்துட்டேன். இருமல் எப்படி இருக்கு?”

“போன வாரத்துக்கு இப்ப பரவாயில்ல. ஜன்னலுக்குப் புதுத் திரை வாங்கணும். என்ன கலர் எடுக்க?”

“நீலம் வேணாம், போன தடவை வெளுத்துப் போச்சு. உனக்குப் பிடிச்சதை எடு, நானும் வரேன்.”

பழைய பதிவு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நேற்று இங்கே பெய்த மழையைப் பற்றியும் பேசுகிறார்கள். ஒலியைப் போட்டுக் கேட்டேன். என் குரல். உங்கள் குரல். ஒரே வித்தியாசம், அந்த வீட்டில் நான் ஒன்று கேட்டால் நீங்கள் பதில் சொல்கிறீர்கள். நான் உங்கள் முதுகோடு பேசிய ஆள்.

இது உங்கள் விளையாட்டு என்றால், நல்ல விளையாட்டு இல்லை.

மைனா

ஜூன் 21

மைனாவுக்கு,

சத்தியமாக நான் இல்லை. நம் கணக்கில் நுழைந்து ஃபைலில் இருந்ததையெல்லாம் படித்தேன். இரண்டு நாளாக ஆபீசில் வேலையே ஓடவில்லை. திரையைப் பற்றி அவன் சொன்னதை, நான் சொன்னதை, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு இப்படியெல்லாம் பேச வரும் என்று எனக்கே தெரியாது.

ஒருமுறை அந்த வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வர முடியுமா? பகலில் போ. தனியாகப் போகாதே.

க. ம.

ஜூன் 28

க. ம. அவர்களுக்கு,

தனியாகத்தான் போனேன். துணைக்கு யாரைக் கூப்பிட? என்ன சொல்லிக் கூப்பிட?

ஓனரம்மா சாவியோடு மூன்று மாடியும் மூச்சு வாங்க ஏறி வந்தார். “நீங்க போனப்புறம் ஆள் வரலைம்மா. வாடகைக்கு விடற நாற்காலியைப் போட்டு வச்சிருக்கோம். இங்க யாரு பேசப் போறா, எலிதான்!” என்று சிரித்தார். கூடம் நிறைய பிளாஸ்டிக் நாற்காலி. அவர் போன் வந்து வெளியே போன நேரத்தில், வெட்கத்தை விட்டு, “யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டேன். இடுப்பு பட்டு ஒரு நாற்காலி தரையில் இழுபட்டது. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்தேன்.

“ஏதோ சத்தம் கேட்டுச்சில்ல?”

“யாரோ நாற்காலியை இழுத்த மாதிரி இருந்துச்சு.”

“அதுக்கு முன்னாடி ஒரு குரல். என் குரல் மாதிரியே.”

உடனே ஜாபை நிறுத்தச் சொல்லிவிட்டேன். ‘நிறுத்தப்படுகிறது’ என்றது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், மறுபடி ‘ஓடுகிறது’.

மைனா

ஜூலை 3

மைனாவுக்கு,

கெஞ்சிக் கேட்கிறேன், நிறுத்தாதே. இப்போதெல்லாம் எழுந்ததும் அதைத்தான் படிக்கிறேன். அவர்களும் சண்டை போடுகிறார்கள். நாம் போட்ட அதே சண்டைகள்தான். ஆனால் போட்டுவிட்டு, “சரி, சாப்பிட வா” என்று ஒருவர் கூப்பிடுகிறார், மற்றவர் போய் உட்காருகிறார். எப்படி அது முடிகிறது என்று பார்க்கிறேன். பிடிபடவில்லை.

பயமாகத்தான் இருக்கிறது. அதற்காகப் படிக்காமல் இருக்க முடியவில்லை.

க. ம.

ஜூலை 9

க. ம. அவர்களுக்கு,

ஜாப் நின்றுவிட்டது. நான் தொடவில்லை. கடைசியாக வந்த வரிகளை அப்படியே எழுதுகிறேன்.

“இது இன்னும் ஓடிக்கிட்டிருக்கு, பார்த்தீங்களா?”

“எது?”

“அந்தப் பிரிஞ்சவங்க ரெண்டு பேரோட கடிதமெல்லாம் வந்து விழுமே, அந்த ஜாப். இப்ப அவ இங்கயே வந்து கூப்பிட்டுப் பார்த்திருக்கா. அவர் நிறுத்தாதேன்னு கெஞ்சறார்.”

“ஐயோ பாவம். படிக்கவே ஒரு மாதிரி இருக்கு. நிறுத்திடேன்.”

“நிறுத்தட்டுமா?”

“நிறுத்து. அவங்க பாட்டை அவங்க பார்த்துக்கட்டும்.”

அதோடு சரி. நிலை: நிறுத்தப்பட்டது. நிறுத்தியவர் என்ற இடத்தில் என் பெயர். அந்த நேரம் நான் பத்துப் பேரோடு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன்.

நாம் இந்தக் கடிதங்களைப் பேனாவால் எழுதித் தபாலில் போடுகிறோம். எந்தக் கணினியிலும் ஏற்றியதில்லை. பிறகு எப்படி?

உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை.

மைனா

ஜூலை 14

மைனா,

எனக்கும் ஒன்றும் தெரியாது. அந்த ‘ஐயோ பாவம்’ என் குரலில் வந்திருக்குமே என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. என்னைப் பார்த்து நானே பரிதாபப்படும்படி ஆகிவிட்டேன்.

வக்கீலம்மாவிடம் போகும் முன் வெள்ளிக்கிழமை காலையில் உன் வீட்டுக்கு வருகிறேன். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்ல வேண்டியதை வாயால் சொல்கிறேன். தட்டுத்தடுமாறித்தான் வரும். பாதியில் எழுந்து போய்விடாதே.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். ‘நிறுத்தப்பட்டது’ என்பது நம் பக்கத்து ஆப்ஜெக்ட் சொல்வது. அந்தப் பக்கம் நிஜமாகவே நின்றதா என்று நமக்கு எப்படித் தெரியும்? நீ எழுதினால் அவர்கள் படித்துவிடுவார்கள்.

கதவைத் திறந்து வை. வருகிறேன்.