கார் இடம் மாறியது

மார்ச் 4
பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரன் தன் புதுக் காரைக் கொண்டுவந்து நம்ம கேட்டை ஒட்டி நிறுத்தியிருக்கிறான். இத்தனை நாள் நிறுத்திய அவன் வீட்டு பாதாம் மரத்தடிக்கு என்ன வந்தது? கேட்டால், "அங்க ஒரே குப்பையா விழுது தங்கச்சி"ன்னு இளிக்கிறான். தங்கச்சியாம்! அந்த இளிப்பைப் பார்த்தாலே குமட்டுகிறது.

மார்ச் 9
பின்பக்கத் தையல் ஷெட் முழுக்க மரத்தூள். மரம் அவன் பக்கம், பாதிக் கிளை எங்கள் தலைமேல். "தைக்கிற துணியெல்லாம் தூள் அண்ணி"ங்கிறாள் நாத்தனார். சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுப்பதில் அவள் கைக்கு ஈடு கிடையாது, பாவம், அவளே புலம்புகிறாள். "போய் ஒரு வார்த்தை கேளுங்க"ன்னு இவரிடம் சொன்னேன். "கேக்கறேன், கேக்கறேன்." இவருக்கு எல்லாமே நாளைக்குத்தான். ஷெட் ஓரம் நிறுத்தும் பைக்கையும் வாசலில் விட்டு வழியை மறிக்கிறார். எல்லாருக்கும் என் வாசல்தான் கிடைத்ததா?

மார்ச் 15
கிளை விழுந்துவிட்டது. காற்றுகூட இல்லை. கூரையைப் பொத்துக்கொண்டு நேரே நாத்தனார் வலது கையில்.

மார்ச் 16
மணிக்கட்டில் கம்பி வைத்திருக்கிறார்கள். பெருவிரல் பழையபடி மடங்குமா என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்கிறார்.

மருந்துக்கடைக்காரன் பார்க்க வந்தான். "கடவுள் செயல்மா, நாம என்ன பண்ண முடியும்?" அடப்பாவி! நம்ம பக்கம் விழுந்த காயைப் பொறுக்கினால் "எங்க மரம்", கிளை விழுந்தால் கடவுள் மரமா? தூ.

மார்ச் 20
வக்கீலம்மாவைப் பார்த்தோம். "மரம் அவரோடதுங்கறது மட்டும் போதாது. பட்டுப்போச்சு, விழும்னு தெரிஞ்சும் வெட்டாம விட்டாரா? அதைக் காட்டணும்" என்றார். எதை வைத்துக் காட்டுவது? திரும்பி வரும் வழியெல்லாம் இவர், "அக்கம்பக்கம்... விட்டுடேன்." உங்க கூடப்பிறந்தவ கைங்க அது!

மார்ச் 21
பாத்திரம் தேய்க்கும்போது உறைத்தது. கார்! அவன் ஏன் காரை நகர்த்தினான்? ஐயோ, என் மரமண்டையே.

ஏப்ரல் 2
வக்கீலம்மா அறையில் எல்லாரும் உட்கார்ந்தோம். மரம் பட்டுப்போனதே தனக்குத் தெரியாது என்று மருந்துக்கடைக்காரன் சத்தியம் செய்தான். "அப்புறம் காரை ஏன் மாத்தினீங்க?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"வண்டி புதுசு மேடம், அதுமேல விழுந்து தொலைச்சா..." நாக்கைக் கடித்துக்கொண்டான். மாட்டினான் பார் என்று எனக்குச் சிரிப்பு முட்டியது.

உடனே இவரைப் பார்த்துக் கையை நீட்டினான். "நான் மட்டுமா? இவர்கிட்டயும் சொன்னேனே! கிளை ஆடுது, பைக்கை எடுத்துடுங்கன்னு. எடுத்தாரா இல்லையா, கேளுங்க!"

நாத்தனார் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி, "அண்ணா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சொல்கிறார்: "உன்கிட்ட சொன்னா நீ அவன்கூட சண்டைக்குப் போவே. அதான்..." சண்டை வேண்டாமாம். பைக் பத்திரம். தங்கச்சி மட்டும் அடியில் உட்கார்ந்து காஜா எடுக்கலாமாம். இந்த மனுஷனுக்கா நான் இத்தனை வருஷம் தட்டு வைத்தேன்? சீ. அந்தக் கடைக்காரனாவது அயலான்.

ஏப்ரல் 3
இவரிடம் சொன்னதால் அவன் பொறுப்பு போய்விடாதாம். வக்கீலம்மா சொன்னார். இவர் பொறுப்புக்கு எந்த வக்கீலிடம் போவது?

ஏப்ரல் 19
ஆஸ்பத்திரிச் செலவு, கூரை எல்லாம் அவனே ஏற்றுக்கொண்டான். மரத்தை வெட்டியாகிவிட்டது. கார் பழைய இடத்துக்குப் போயிற்று. பைக்கும்.

கட்டுப் பிரித்தபின் இன்றுதான் நாத்தனார் ஷெட்டில் உட்கார்ந்தாள். பெருவிரல் மடங்கவில்லை. ஊசியில் நூல் ஏறவே இல்லை. இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "குடும்மா, அண்ணன் கோத்துத் தரேன்" என்று கையை நீட்டினார்.

அவள் நிமிரவில்லை. ஊசியையும் நூலையும் என் பக்கம் நீட்டினாள். "நீங்க கோத்துக் குடுங்க அண்ணி."