படத்தில் இல்லாத வரி

போன வாரம் வில்லியனூரில் ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனேன். அளவு எடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "நேரா நில்லுங்கக்கா" என்று சொல்லி, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தாள். பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, போன தடவைக்கு இப்போது எல்லா அளவும் குறைந்திருக்கிறது என்றாள். வயதானால் அப்படித்தானே என்று சிரித்துச் சமாளித்தேன். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, முன்பின் தெரியாதவள், சட்டென்று சொன்னாள்: "ஒரு விரக்கடை கொறஞ்சிருக்கியே. யாருக்குக்கா தலையாட்டுன?"

கடையே சிரித்தது. அவள் நம் ஊர்க்காரி இல்லை, குருவிநத்தம். இந்தப் பேச்சு எங்கே கேட்டது என்று விசாரித்தேன். யாருக்குத் தெரியும், எங்கள் பக்கத்தில் சும்மா சொல்வதுதான், அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்றாள். நம் மாதா கோயில் ஹாலில் நீ சொன்ன வார்த்தை பாகூர்ப் பக்கம் வரைக்கும் போய்விட்டது. நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று அந்தக் கடையிலேயே தோன்றியது. எழுத வேண்டியவள் நான்தான், வேறு யாரும் இல்லை.

உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். சிப்பாய்க்கு பிரெஞ்சில் சொல்வதுபோல், ஊரே அவரை சொல்தா என்றுதான் கூப்பிடும். அதனால் உனக்கு பிரெஞ்சு வீட்டிலேயே வந்தது, எனக்குப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்தது. உன் அண்ணன் பிரான்சிலிருந்து வந்தபோது சாக்லேட்டோடும் சென்ட் பாட்டிலோடும் அந்த டிஸ்க்கையும் கொண்டுவந்தார். பழைய படம், அங்கேயே அது ஓடவில்லையாம். ஆனால் சில பேர் மட்டும் இன்னும் தேடித் தேடிப் பார்க்கிறார்களாம். நீயும் நானும் உன் வீட்டில் அதைப் போட்டுப் பார்த்தோம். ராக்கெட் இட்லிப் பானையைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. நிலாப் பாறையில் ஒருவன் சாய்ந்தான், பாறை ஆடியது. வயிறு வலிக்கச் சிரித்தோம். பாதிப் படத்துக்கு மேல் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

கதை இவ்வளவுதான். நிலாவில் ஓர் ஊர். மேலே இருக்கிறவர் எது சொன்னாலும் சரி என்று தலையாட்டுகிறவர்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு விரற்கடை உயரம் குறைந்துபோவார்கள். குறைவது யாருக்கும் தெரியாது. நாற்காலி, கட்டில், கதவு எல்லாவற்றையும் அதற்குத் தகுந்தாற்போல் சின்னதாக்கிக்கொண்டே வருவார்கள். ஒரே ஒரு தையல்காரிக்கு மட்டும் தெரியும். அவளிடம் டேப் இருக்கிறது, பழைய அளவு நோட்டு இருக்கிறது.

நீ கோயில் ஹாலில் தையல் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளிர் குழுப் பெண்களுக்கு வகுப்பு முடிந்ததும் டிவியில் படம் போடுவாய். இதையும் போட்டாய். பாஷை தெரியாத கூட்டத்துக்காக டிவி பக்கத்தில் நின்றுகொண்டு, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு குரலில் நீயே தமிழில் பேசினாய். அடுத்த மாதமும் அதையே கேட்டார்கள். கோடி கோடியாகச் செலவு செய்த படமெல்லாம் வந்த வேகத்தில் மறந்துபோனது. இந்த ஆடுகிற பாறைப் படத்தை மட்டும், "டேப்புக்காரி படம் போடு டீச்சர்" என்று வருஷக்கணக்காகக் கேட்டார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். படத்தில் பாதி வசனம் உன்னுடையது. ரேஷன் கடையில் அரிசி வராத மாதம் நிலாவிலும் அரிசி வராது. பஸ் நிற்காமல் போனால் அங்கே ராக்கெட் நிற்காமல் போகும். இது நன்றாக இல்லையே என்று முதலில் நான் கேட்டதற்கு நீ சொன்னாய்: "நம்மூர்ல நடக்குதுன்னா சண்டைக்கு வருவாங்க. நெலாவுலன்னா ஒக்காந்து கேட்டுக்குவாங்கடி."

இப்போது ஒன்றை எழுத வேண்டும், கை வரவில்லை. தையல்காரி ஒரு கிழவனுக்கு அளவு எடுக்கிற இடத்தில், படத்தில் அவள் சொல்வது "நேராக நில்லுங்கள்" என்பது மட்டும்தான். இதற்கு யார் கைதட்டுவார்கள் என்று உன் வீட்டில் படத்தை நிறுத்திவிட்டு யோசித்தாய். "ஒரு விரக்கடை கொறஞ்சிருக்கியே" என்று நீ ஆரம்பித்தாய். "யாருக்குத் தலையாட்டுன" என்று முடித்தது நான். முறத்தில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தோம். நீ என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாய். இன்றைக்கு ஊர் ஊராகச் சுற்றுகிற அந்தக் கேள்வி என்னுடையது. இது உன்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

பிறகு அந்த ஞாயிறு. ஏரியிலிருந்து வருகிற வாய்க்காலை மூடி மனை போட ஒருவர் வந்திருந்தார். என் வீட்டுக்காரர் அவரிடம்தான் வேலை பார்த்தார். வாய்க்காலில் தண்ணீர் வருவதே இல்லை, மூடுவதில் ஆட்சேபணை இல்லை என்று குழுப் பெண்கள் எழுதித்தர வேண்டும் என்றார்கள். குழுத் தலைவி நான். வெள்ளிக்கிழமையே முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். நீ அதைக் கேள்விப்பட்டும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிறன்று அவர் உன் வகுப்புக்கு நாலு தையல் மிஷின் கொடுத்தார். பொன்னாடை, டீ, பிஸ்கட் எல்லாம் முடிந்ததும் பெண்கள் வழக்கம்போல் டேப்புக்காரியைக் கேட்டார்கள். அவரும் முன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்.

மேலே இருக்கிறவர் தையல்காரிக்குத் தங்க நாற்காலி பரிசு கொடுக்கிற இடம் வந்தது. நீ சொன்னாய்: "மிஷினு குடுத்தா வாங்கிக்குவேன். வாய்க்கால மூடக் கையெழுத்துக் கேட்டா டேப்ப எடுப்பேன்." ஹால் அதிர்ந்தது. அவரும்தான் சிரித்தார். எந்தக் காலத்துப் படம், அங்கேயும் இதே கதிதான் போல என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அதற்கு அடுத்தது நம் கேள்வி. நீ திரையைப் பார்த்துத்தான் கேட்டாய், என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் எனக்குக் காது இரண்டும் சுட்டது. என் வாயிலிருந்து வந்த கேள்வி என் முகத்தில் வந்து விழுந்தது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

"அது படத்துல இல்ல. அவளா சொல்றா" என்றேன்.

எனக்கும் பிரெஞ்சு தெரியும், படத்தில் இப்படி ஒரு வார்த்தைகூட வரவில்லை என்று வேறு விளக்கினேன். பொய் சொல்லாதே என்று உனக்குப் புத்தி சொல்கிறவள் மாதிரி சொன்னேன். படம் பாட்டுக்குத் தன் பாஷையில் ஓடியது. மிஷின் கொடுத்தவர் கோபப்படவில்லை. ரொம்ப மரியாதையாக, "அப்ப நீ சொன்னதாம்மா அது?" என்று கேட்டார். நீ என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாய். பாதி இவளுடையது என்று நீ சொல்லியிருக்கலாம், அது உண்மைதான். "ஆமாங்க, நான் சொன்னதுதான்" என்றாய்.

நிலாக் கதை என்று இருந்தவரைக்கும் உனக்கு ஒதுங்க ஒரு நிழல் இருந்தது. அதை நான் பிடுங்கிவிட்டேன். அடுத்த வாரமே ஹாலில் படம் போடக் கூடாது என்றார்கள், அடுத்த மாதம் தையலுக்கு வேறு டீச்சர் வந்தாள். பெண்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். வாய்க்கால் போனது. மழைக்காலத்தில் கீழத்தெரு வீடுகளுக்குள் இப்போது முழங்கால் தண்ணீர் நிற்கிறது. கீழத்தெரு தெரேசக்கா கொஞ்ச நாள் கழித்து என்னிடம் ஒன்று கேட்டாள். "எங்க தெருக் கொழாயில தண்ணி வராதது நெலாவுல இருக்கறவனுக்கு எப்புடிடி தெரியும்? எங்களுக்கு அது தெரியாதா?" என்றாள். நீ சொந்தமாகப் பேசுகிறாய் என்று எல்லாருக்கும் ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அந்த ஹாலில் தெரியாமல் இருந்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்குத்தான் நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஞாயிறு எல்லாரும் போன பிறகு டிஸ்க் ப்ளேயருக்குள்ளேயே கிடந்தது. அதை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பத்திரமாக இருக்கட்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேட்கப் பயம். பத்துப் பன்னிரண்டு வருஷம் என் பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் கிடந்தது. தெருவில் பார்த்தால் நீ நின்று பேசத்தான் செய்தாய், நான்தான் அடுப்பில் பால் இருக்கிறது என்று ஓடினேன்.

உன்னைப் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்டு வந்தேனே, அன்றைக்கு உன் கை குச்சியாக இருந்தது. சாத்துக்குடி உரித்துக் கொடுத்தேன், ஒரு சுளையைத்தான் தின்றாய். "அந்த டிஸ்க்கு யாருகிட்டடி இருக்குது?" என்று கேட்டாய். வேறெதையும் நீ கேட்கவில்லை. தெரியலையே என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, சரி என்றாய். அதற்குப் பிறகு ஒன்பதே நாள்.

தையல் கடையிலிருந்து வந்த அன்றே பீரோவைத் திறந்தேன். டிஸ்க்கைக் கொண்டுபோய் தெரேசக்கா கையில் கொடுத்து, இத்தனை நாளும் என்னிடம்தான் இருந்தது என்றேன். திட்டுவாள் என்று நின்றேன். அவள் முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே, "ஒங்கிட்ட இருக்கறது அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில கேட்டுப் பாத்தாளாம், நீ இல்லன்னுட்டியாம். 'வுடுக்கா, அவ பயப்படறா'ன்னு எங்கிட்ட சொன்னா" என்றாள்.

இதைத் தாங்குவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நீ என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லிப் பிழைத்திருப்பேன்.

நம் கோயிலுக்குப் புதுப் பங்குச் சாமியார் வந்திருக்கிறார், அவர் படத்தைத் தடுக்கவில்லை. நேற்று ஞாயிறு மத்தியானம் போட்டார்கள். கிழவிகளாகிவிட்ட பழைய பெண்களும் அவர்கள் மருமகள்களும் வந்திருந்தார்கள். எனக்கும்தான் அந்தப் பாஷை தெரியுமே என்று தெரேசக்கா என்னை இழுத்து, டிவி பக்கத்தில், நீ நிற்கிற இடத்தில் நிறுத்தினாள். உன்னைப் போல் குரல் மாற்ற எனக்கு வரவில்லை. தட்டுத் தடுமாறிப் படத்தில் இருப்பதைச் சொன்னேன். பாறை ஆடியது, சிரித்தார்கள். கிழவன் அளவு கொடுக்க வந்து நின்றான். தையல்காரி டேப்பை எடுத்தாள். நேராக நில்லுங்கள் என்றாள். எத்தனை தடவை கேட்ட வசனம். படமும் அதைத்தான் சொன்னது, நீயும் வேறு வார்த்தையில் அதைத்தான் சொன்னாய் என்று எனக்கு நேற்றுத்தான் உறைத்தது. தமிழில் சொல்வதை விட்டுவிட்டு, திரையில் இருந்த டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஹாலில் இருந்த அத்தனை பெண்களும், யாரும் எடுத்துக்கொடுக்காமல், ஒரே குரலில் கேட்டார்கள்: "ஒரு விரக்கடை கொறஞ்சிருக்கியே. யாருக்குத் தலையாட்டுன?"

அது படத்தில் இல்லை என்று இந்தத் தடவை நான் சொல்லவில்லை.