ஒளியாடை என்று பெயர் வைத்தவளுக்கு

சண்டை போடவும் சமாதானம் ஆகவும் எனக்கென்று வாய்த்த மதினிக்கு,

ஜெயிச்சாச்சு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பெல்லாம் பிறகு. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மயிலாப்பூரில், உட்கார இடமில்லாமல் நிறைந்திருந்த ஒரு கூட்டத்தின் முன்னால், நீ வைத்த சொல் ஜெயித்துவிட்டது.

உன்னை 'நீ' என்று எழுதுவதைப் பார்த்து, இதைப் படிக்கிறவர்கள் முகம் சுளிக்கலாம். அண்ணன் மனைவியை வா, போ என்பதா என்று. நான் மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். கல்யாணமாகி வந்த புதிதில் நீதான், "ஏட்டி, நீங்க வாங்கன்னு சொன்னா கடைக்குப் புடவை எடுக்க வந்தவ மாதிரில்லா இருக்கு. நீன்னே சொல்லு" என்றாய். தி. நகரில் புடவைக் கடை வைத்திருக்கும் வீட்டில் வேறு எப்படிச் சொல்வாய்? நாத்தனாரும் மதினியும் கீரியும் பாம்புமாக இருப்பார்கள், வேடிக்கை பார்க்கலாம் என்று வந்த சொந்தக்காரர்கள்தான் ஏமாந்து போனார்கள்.

"ஒருத்தி பாட்டைக் கட்டிக்கிட்டு அழுதா, ஒருத்தி கண்ணாடியைக் கட்டிக்கிட்டு அழுதா" என்று அம்மா நம்மைப் பற்றி ஊரெல்லாம் சொல்வாளே, ஞாபகம் இருக்கிறதா? நீ கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டே, கவிதையில் ஒரு பெண் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறாள் என்று ஆராய்ந்துகொண்டிருந்தாய். நான் அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில், வெயிலை மின்சாரமாக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தேன். பலர் காட்மியத்தை வைத்துச் செய்தார்கள். அது விஷம். நாளைக்குச் சூரியப் பலகை உடைந்து மண்ணில் கலந்தால் யார் பதில் சொல்வது? அதனால் நான் தகரத்தையும் கந்தகத்தையும் பிடித்துக்கொண்டேன். இரண்டும் சேர்ந்த கரைசலைச் சூடான கண்ணாடிமேல் தெளித்தால், தலைமுடியைவிட மெல்லிசாக ஒரு பூச்சு படியும். படிந்த வேகத்தில் உரிந்தும் போகும். நான் அழுதுகொண்டே பஸ் ஏறி வீட்டுக்கு வருவேன்.

அப்படி வந்த ஒரு நாள் அந்தப் பூச்சுக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டாய். 'மென்படலம்' என்று எழுதுகிறார்கள் என்றேன். அடுப்பில் பால் வைத்திருந்தாய். "படலம்னா ஒண்ணு காவியத்துல வரும், இல்லைன்னா கண்ணுல விழும்" என்று சொல்லிவிட்டு, கரண்டியால் பாலின் மேலே மெதுவாக ஒதுக்கினாய். "இது என்னது? ஆடை. சூட்டுல தானா படியுது, மெல்லிசா இருக்கு. உன் கண்ணாடியிலயும் இதுதான நடக்கு? ஒளியைக் குடிக்கிற ஆடை. ஒளியாடைன்னு வையி."

நான் அந்தச் சொல்லையே வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அம்மா இரண்டு பேரையும் சேர்த்து வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

உன் ஆய்வைப் பற்றி நீ பேசும்போது பாதிதான் எனக்குப் புரியும். ஆனால் ஒன்று மட்டும் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. பழைய அகப்பாட்டில் பெண்ணுக்குப் பெயர் சொல்ல மாட்டார்கள், தலைவி, தோழி, தாய் என்று முறைதான் உண்டு என்றாய். "இப்ப எழுதுறவ எடுத்த எடுப்புல நான்னு ஆரம்பிக்கா பாரு, அந்த ஒரு சொல்லுக்கு எம்புட்டுக் காலம் நடந்து வந்திருக்கா" என்றாய். அந்த ஆய்வு பாதியில் நிற்கும்போது உனக்குக் காமாலை வந்தது. உடம்பு முடியவில்லை என்று ஏன் முன்னாலேயே சொல்லவில்லை, மதினி?

நீ போன பிறகு வீட்டில் தேடினேன். கடை அப்பா பெயரில், வீடு அண்ணன் பெயரில், கல்யாணப் பத்திரிகைகளில் எல்லாம் நீ 'திருமதி' இன்னார். உன்னுடையது என்று வெளியே நடமாடக்கூடியது அந்த ஒரு சொல்தான். அது உன் பெயரோடு நிற்க வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்தது.

பூச்சு உரியாமல் நின்றது இந்த வருஷம்தான். ஆறவிடும் விதத்தை மாற்றினேன், நின்றுவிட்டது. வெளிச்சம் பட்டதும் மீட்டரின் முள் எழுந்தது. அந்தச் செய்தி பரவி, மயிலாப்பூரில் ஒரு தமிழ் மன்றத்தில் பேசக் கூப்பிட்டார்கள். உன் நினைவாகத் தலைப்பு கொடுத்தேன்: 'ஒளியாடை: கவிதையில் பெண், கண்ணாடியில் வெயில்'. மன்றத் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், அறிவியல் கலைச்சொற்களைத் தொகுக்கிறவர். சொல் பாலாடையிலிருந்து பிறந்த கதையைச் சொன்னதும் உதட்டைப் பிதுக்கினார். "பாலாடை அடுக்களைச் சொல் அம்மா. அறிவியலுக்கு ஒரு கம்பீரம் வேண்டாமா? தொகுப்பில் மென்படலம் என்றுதான் வைத்திருக்கிறேன். கூட்டம் உங்கள் சொல்லை ஏற்றுக்கொள்கிறதா பார்ப்போம். ஏற்றால் மாற்றுகிறேன்." அடுக்களையிலிருந்து வருகிற காப்பிக்கு மட்டும் கம்பீரம் தேவையில்லை போலிருக்கிறது.

இங்கேதான் உன் வீட்டுக்காரர் வேலையைக் காட்டினார். கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிறேன் என்று, கடை வாசலில் ஒரு அறிவிப்பு வைத்தார். தலைப்பு இவ்வளவு நீளமாக இருந்தால் யார் படிப்பார்கள் என்று முதல் சொல்லை மட்டும் பெரிதாக எழுதினார். 'ஒளியாடை. மயிலாப்பூரில் அறிமுகம். அனைவரும் வருக.' புடவைக் கடை வாசலில் அப்படி எழுதினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?

கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அடையாறிலிருந்து ஆட்டோவில் போனேன். "இன்னாமா கீது உள்ள, இப்டிக் கட்டிப் புட்ச்சினு வர?" என்றார் ஆட்டோக்காரர். வெயிலைக் கரண்டாக மாற்றும் கண்ணாடி என்றேன். "மெட்ராஸ்ல அதுக்கு இன்னா பஞ்சம்" என்று சிரித்தார். அரங்கில் நுழைந்தால் பட்டுப்புடவையும் கைப்பையுமாகப் பெண்கள் கூட்டம். மேடையில் புடவை எதையும் காணோமே என்று ஆளாளுக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் தெரிந்தால் எழுந்து போய்விடுவார்களே.

முன்வரிசை மாமி ஒருத்தர் கேட்டேவிட்டார். "பளபளன்னு புதுசா ஏதோ பட்டு வந்திருக்குன்னு நெனைச்சுண்டு வந்தோம். எங்கேம்மா அது?"

பெட்டியைத் திறந்து கண்ணாடியைக் காட்டினேன். "இதுதான் மாமி ஒளியாடை. உங்க வீட்டுப் பால்ல படியுதே, அது மாதிரி இது கண்ணாடியில படியும்."

"ஆறவிடாம எடுத்தா கிழிஞ்சுடுமே. உன்னோடது கிழியாதோ?"

மதினி, நான் வருஷக்கணக்காக மல்லுக்கட்டியது அந்தக் கேள்வியோடுதான். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தவள், எழுதி வைத்திருந்த உரையை மறந்தே போனேன். பெயரில்லாத தலைவியைச் சொன்னேன், நான் என்று எழுத வந்தவர்களைச் சொன்னேன், சமையலறைச் சொல்லை வைத்து வெயிலைப் பிடிக்கலாம் என்று சொன்னேன். கண்ணாடியில் மீட்டரை மாட்டி, படம் காட்டும் கருவியின் விளக்கை அதன்மேல் திருப்பினேன். முள் எழுந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

முடிவுரைக்கு வந்த தலைவர், "இந்த மென்படலம்" என்று ஆரம்பித்தார். "ஒளியாடை" என்றது கூட்டம் மொத்தமும். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனிதர்தான், சொன்ன வார்த்தை தவறவில்லை. பேனாவை எடுத்து, "சரி, தொகுப்பில் மாற்றிவிடுகிறேன். ஆக்கியவர் பெயரும் போட வேண்டும். யார்?" என்றார்.

"என் மதினி" என்றேன்.

"மதினி என்பது முறை அம்மா. பெயர்?"

நான் வாய் திறப்பதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "செண்பகவல்லி." அண்ணன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். உன்னை 'ஏளா' என்பதற்கு மேல் ஒரு நாளும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "செண்பகவல்லி. என் வீட்டுக்காரி. மூணு சுழி ண போடணும் சார். தப்பா எழுதினா அவளுக்குப் பிடிக்காது."

அவர் மூன்று சுழி போட்டு எழுதினார். நான் மேடையிலேயே அழுதேன், வெட்கமே படவில்லை. திரும்பி வரும்போது அண்ணனின் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டேன். பாண்டி பஜார் நெருங்கியதும், "நல்ல பேருல்லா, என்னட்டி?" என்றான். ஆமாம் என்றேன்.

உன் ஆய்வின் மீதிப் பாதியை என்னால் எழுத முடியாது. அதற்கு உன் மாணவிகள் இருக்கிறார்கள், ஒருத்தி எடுத்துக்கொண்டுவிட்டாள். என் பங்குக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கடை மொட்டைமாடியில் ஒரு நாள் என் ஒளியாடைப் பலகை ஏறும். அந்த மின்சாரத்தில் முதலில் எரியும் விளக்கின் கீழே உன் மாணவி தன் ஆய்வை வாசிப்பாள், அண்ணனை முன்வரிசையில் உட்கார வைப்பேன்.

செண்பகவல்லியின் நாத்தனார்,
தமயந்தி